எல்லாமே தடயமாகத் தெரிவது எப்படி? 'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' தியரிகளுக்கு ஓர் எளிய அறிமுகம்

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' என்ற அமானுஷ்யத் தொடரின் கடைசி எபிசோட் 2025 டிசம்பர் 31 அன்று நெட்ஃப்ளிக்ஸில் வெளியானது. நமக்கு அது ஜனவரி 1 காலை. அடுத்த சில நாட்களிலேயே ரசிகர்களிடையே ஓர் ஊகம், அவர்கள் மொழியில் ஒரு தியரி, கிளம்பியது. நாம் பார்த்தது உண்மையான முடிவே இல்லை, வில்லன் வெக்னா காட்டும் மாயத்தோற்றம். ஒளித்து வைத்திருக்கும் ஒன்பதாவது எபிசோட் ஜனவரி 7 அன்று வரும் என்றார்கள். அதற்கு 'கன்ஃபார்மிட்டி கேட்' என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

ஆதாரங்கள் குவிந்தன. பட்டமளிப்புக் காட்சியில் பலர் ஒரே மாதிரி கைகளைக் கோத்து வைத்திருக்கிறார்கள், வெக்னாவின் மனித உருவமான ஹென்றி அப்படித்தான் வைத்திருப்பான். மாணவர்களின் அங்கி நிறம் சரியில்லை. அலமாரியில் அடுக்கிய கோப்புகளின் முதுகில் இருக்கும் எழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் 'பொய்' என்று பொருள் வருகிறது. இப்படி இன்னும் பல. தொடரின் எல்லா எபிசோட்களும் வெளியாகிவிட்டன என்று நெட்ஃப்ளிக்ஸ் தரப்பு தன் சமூக ஊடகப் பக்கத்தில் எழுதி வைத்தபோது, அதையே புதுத் தடயமாக எடுத்துக்கொண்டவர்களும் இருந்தார்கள். ஜனவரி 7 வந்தது. எபிசோட் வரவில்லை.

ரசிகர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்று ஒரு கூட்டம் சிரித்தது. ஏமாற்றிவிட்டார்கள் என்று இன்னொரு கூட்டம் கோபப்பட்டது. எனக்கு இரண்டிலும் உடன்பாடில்லை. இந்தத் தொடரில் நிஜமாகவே ஒளித்து வைத்த தடயங்கள் உண்டு. அவற்றைச் சரியாகப் பிடித்த ரசிகர்களும் உண்டு. அப்படியிருக்க இந்த முறை ஏன் தவறியது என்பதைப் புரிந்துகொள்ள, தடயம் என்று நாம் பொதுவாகச் சொல்வதற்குள் எத்தனை வெவ்வேறு விஷயங்கள் கலந்து கிடக்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும். (ஐந்து சீசனையும் பார்க்காதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். ஸ்பாய்லர் இல்லாமல் இதை எழுத முடியாது.)

## ஒரு பகடையும் ஒரு தேதியும்

2016 ஜூலை 15 அன்று வந்த முதல் எபிசோடுக்குப் போவோம். கதை நடப்பது 1983 நவம்பரில், அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் இருப்பதாகக் கற்பனை செய்யப்பட்ட ஹாக்கின்ஸ் என்ற ஊரில். நான்கு சிறுவர்கள் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற பகடை உருட்டி ஆடும் கற்பனைக் கதை விளையாட்டை விளையாடுகிறார்கள். டெமோகார்கன் என்ற அரக்கனைத் தாக்க வில் பையர்ஸ் என்ற சிறுவன் பகடை உருட்டுகிறான். 13 அல்லது அதற்கு மேல் விழ வேண்டும். பகடை எங்கோ உருண்டு ஓடிவிடுகிறது, விழுந்த எண் 7. கிளம்பும்போது அவன் நண்பன் மைக்கிடம் உண்மையைச் சொல்லிவிடுகிறான்: ஏழுதான் விழுந்தது, டெமோகார்கன் என்னைப் பிடித்துவிட்டது. அன்று இரவே அவன் காணாமல் போகிறான்.

இதற்குப் பெயர் முன்குறிப்பு. பின்னால் வரப்போகும் நிகழ்வை முன்கூட்டியே, அப்போது முழுதாகப் புரியாத வடிவில் காட்டிவைப்பது. ஒரு விஷயம் முன்குறிப்பாக இருக்க இரண்டு நிபந்தனைகள் போதும். எழுதியவர் அதைக் கதைக்காகவே வைத்திருக்க வேண்டும். கதை பின்னால் திரும்பி வந்து அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டும். மேடையில் துப்பாக்கியைக் காட்டினால் பிறகு அது வெடிக்க வேண்டும் என்று ருஷ்ய எழுத்தாளர் செக்காவ் சொன்னதும் இந்த இரண்டாவது நிபந்தனையைத்தான்.

இதே தொடரில் இன்னும் நீண்ட தூரம் போகும் ஒரு குறிப்பும் உண்டு. வில் காணாமல் போன தேதி 1983 நவம்பர் 6. முதல் சீசனில் அது வெறும் தேதி. ஆறு வருடம் கழித்து, 2022-இல் வந்த நான்காம் சீசனில், ஹாக்கின்ஸின் இருண்ட நகலான தலைகீழ் உலகத்தில் இருக்கும் தன் அறைக்குள் மைக்கின் அக்கா நான்சி போகிறாள். அங்கே கிடைக்கும் அவளுடைய டைரியில் கடைசியாக எழுதிய பக்கம் அதே நவம்பர் 6. அந்த உலகம் அன்றோடு உறைந்து நிற்கிறது என்று அப்போதுதான் தெரிகிறது. ஒரு தேதியைக் கவனித்து வைத்திருந்த ரசிகருக்கு இதைவிடப் பெரிய பரிசு கிடையாது. இனிமேல் எல்லாத் தேதியையும் கவனிப்பது என்று அவர் முடிவெடுத்தால் தப்பில்லை. சிக்கலும் அங்கேதான் தொடங்குகிறது.

## பிறந்தநாளை மறந்த கதை

இரண்டாம் சீசனில், நினைவு தவறிக்கொண்டிருக்கும் வில்லிடம் அவன் அம்மா ஜாய்ஸ் பேசும் ஒரு நல்ல காட்சி இருக்கிறது. மார்ச் 22 உன் பிறந்தநாள் என்று சொல்லி, அன்று அவன் வரைந்த படத்தை நினைவுபடுத்துவாள். நான்காம் சீசனில் அதே மார்ச் 22 வருகிறது, 1986-இல். வில் நாள் முழுக்க நண்பர்களோடுதான் இருக்கிறான். ஒருவர்கூட வாழ்த்துச் சொல்லவில்லை. அம்மா கூட.

ரசிகர்கள் கொந்தளித்தார்கள். இது கண்டிப்பாகத் தடயம், வில் மெல்ல மெல்ல எல்லோராலும் மறக்கப்படுகிறான், வெக்னா நினைவுகளை அழிக்கிறான் என்றெல்லாம் தியரிகள் வந்தன. சில தியரிகள் உண்மையிலேயே அழகானவை. தொடரில் வந்ததைவிட நன்றாக இருந்தன என்றுகூடச் சொல்வேன். பிறகு தொடரை உருவாக்கிய டஃபர் சகோதரர்கள் ஒரு பேட்டியில் விஷயத்தை உடைத்தார்கள். அவர்கள் மறந்துவிட்டார்கள். அவ்வளவுதான். இரண்டாம் சீசனில் சொன்ன மாதத்தை மார்ச்சிலிருந்து மே என்று மாற்றிவிடலாமா என்றுகூட யோசித்ததாகச் சொன்னார்கள்.

இதன் பெயர் தொடர்ச்சிப் பிழை. ஓரிடத்தில் சொன்னது இன்னோரிடத்தில் பொருந்தாமல் போவது. ஐந்து சீசன், 42 எபிசோட், பத்து வருடம், பல எழுத்தாளர்கள், எபிசோடுக்கு எபிசோட் மாறும் இயக்குநர்கள் என்று ஓடும் வேலையில் இது நடக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இந்தப் பிழையையும் நான்சியின் டைரியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டுமே தேதி சம்பந்தப்பட்டவை. இரண்டுமே பழைய சீசனைப் புதிய சீசனோடு இணைப்பவை. திரையில் பார்க்கும்போது இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது. தடயம் என்பது அந்தப் பொருளுக்குள் இருக்கும் குணம் இல்லை. அதை யார், எதற்காக வைத்தார்கள் என்பதில் இருக்கிறது.

## எண்பதுகளின் அறையில் எல்லாமே திட்டமிட்டவை

இந்தத் தியரி வியாதி மற்ற தொடர்களைவிட இதற்கு ஏன் இவ்வளவு அதிகம்? வெறித்தனமான ரசிகர்கள் என்பது பதில் ஆகாது. பழைய காலத்து ஏக்கத்தை விற்கும் தொடருக்கே உரிய காரணம் ஒன்று இருக்கிறது. இதைப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை.

நிகழ்காலத்தில் நடக்கும் கதையில் ஒரு வரவேற்பறையைக் காட்ட வேண்டுமானால் இன்று கடையில் கிடைக்கும் சாமான்களைப் போட்டு நிரப்பிவிடலாம். 1983-இல் நடக்கும் கதைக்கு அது நடக்காது. சுவரில் ஒட்டிய போஸ்டர், மேசை விளக்கு, வாக்கி டாக்கி, சட்டைக் காலர் என்று ஒவ்வொன்றையும் கலை இயக்கக் குழுவில் ஒருவர் தேடிப் பிடித்து, அந்த வருடத்துக்குப் பொருந்துமா என்று பார்த்துத்தான் வைத்திருப்பார். ஆக, அந்த அறையில் இருக்கும் பொருள்களை யாரோ யோசித்துத் தேர்ந்தெடுத்தார்கள் என்று ரசிகர் நினைப்பது முழுக்கச் சரி. அவர் சறுக்குவது அடுத்த படியில். வேண்டுமென்றே வைத்தது என்றால் கதைக்காக வைத்தது என்று எடுத்துக்கொள்கிறார். பெரும்பாலான பொருள்கள் காலத்துக்காக வைக்கப்பட்டவை. நோக்கம் இருக்கிறது, அது வேறு நோக்கம்.

இதோடு ஈஸ்டர் எக் வேறு சேர்கிறது. பழைய படத்தையோ, விளையாட்டையோ, அதே தொடரின் முந்தைய காட்சியையோ நினைவூட்டும்படி ஒளித்து வைக்கும் சின்னக் குறும்புக்கு அந்தப் பெயர். தெரிந்தவருக்குச் சிரிப்பு வரும், தெரியாதவருக்கு எந்த நஷ்டமும் இல்லை, கதையின் போக்கும் மாறாது. இந்தத் தொடர் எண்பதுகளின் சினிமாவுக்கு எழுதிய காதல் கடிதம் மாதிரி என்பதால் இதற்குப் பஞ்சமே இல்லை. பழைய படம் ஒன்றின் காட்சியை இது அப்படியே பிரதி எடுத்தால், அந்தப் படத்தின் முடிவுதான் இங்கேயும் வரும் என்று சிலர் கணக்குப் போடுவார்கள். எனக்குத் தெரிந்து அதிகம் ஏமாற்றும் தியரி வகை இதுதான்.

பார்வையாளரை வேண்டுமென்றே தவறான பக்கம் திருப்ப வைக்கும் பொய்த்தடயமும் ஒன்று உண்டு. துப்பறியும் கதை படித்தவர்களுக்கு அது பழகியது என்பதால் விரித்துச் சொல்லவில்லை.

இதுவரை வந்ததைச் சுருக்கினால்: முன்குறிப்பு கதையை நகர்த்தும், ஈஸ்டர் எக் கண்ணடிக்கும், பொய்த்தடயம் ஏமாற்றும், காலப் பொருள்கள் அறையை நிரப்பும், தொடர்ச்சிப் பிழை தூக்கக் கலக்கத்தில் நேரும். ஐந்தும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும்.

## தேடினால் ஏன் கிடைத்துவிடுகிறது

பரீட்சைக்கு முன் 'முக்கியமான கேள்விகள்' என்று ஒரு பட்டியல் கைக்குக் கை மாறும், நினைவிருக்கிறதா? அதில் அறுபது கேள்விகள் இருக்கும். தாளில் பத்து வரும், அதில் ஏழு பட்டியலில் இருக்கும். பட்டியல் போட்டவர் அப்புறம் வருடம் முழுக்கக் காலரைத் தூக்கி விட்டுக்கொள்வார். வராத ஐம்பத்து மூன்றைப் பற்றி யாரும் கேட்பதில்லை. தியரியும் அப்படித்தான் வேலை செய்கிறது. இன்னும் ஒரு வசதியோடு: தியரிப் பட்டியலைப் பரீட்சை முடிந்த பிறகும் எழுதலாம்.

எவ்வளவு பெரிய பட்டியல் என்று பாருங்கள். படக்காட்சி பொதுவாக வினாடிக்கு 24 ஃப்ரேம் என்று ஓடுகிறது. ஒரு மணி நேரத்துக்கு 86,400 ஃப்ரேம். ஒவ்வொன்றிலும் பத்துப் பதினைந்து பொருள்கள், நிறங்கள், கை அசைவுகள். எதை வேண்டுமானாலும் எதனோடு வேண்டுமானாலும் இணைக்கலாம், விதி எதுவும் கிடையாது. இப்போது ஒரு சின்னக் கணக்கு. ஒரு குறிப்பிட்ட பொருத்தம் தற்செயலாக அமைய ஐம்பதில் ஒரு வாய்ப்புத்தான் என்று வைத்துக்கொள்வோம். அதை மட்டும் தேடினால் கிடைப்பது கஷ்டம். ஒன்றையொன்று சாராத அப்படிப்பட்ட ஐம்பது பொருத்தங்களைத் தேடினால், குறைந்தது ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 64 சதவீதம். இருநூறைத் தேடினால் 98 சதவீதம். லட்சக்கணக்கானவர்கள் ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்தித் தேடும்போது ஒன்றும் கிடைக்காமல் போனால்தான் செய்தி.

நீங்களே செய்து பார்க்கலாம். ஜனவரி 7-க்குத் தொடருக்குள் ஆதரவு வேண்டுமா? வில்லின் பகடையில் 7 இருக்கிறது. ஜனவரி 8 என்று சொல்லியிருந்தால்? சக்தி படைத்த குழந்தைகளை வைத்திருந்த ஆய்வகத்தில் காளி என்ற பெண்ணின் எண் 8, கடைசி சீசனில் எபிசோட்களும் 8. ஜனவரி 6 என்றால் நவம்பர் 6 இருக்கவே இருக்கிறது. 11 என்றால் சொல்லவே வேண்டாம், கதாநாயகியின் பெயரே எலெவன், அதுவும் ஆய்வக எண்தான். 1 என்றால் ஹென்றியின் ஆய்வக எண். 3 என்றால், மூன்றாம் சீசனில் மகளாக வளர்க்கும் எலெவனின் அறைக் கதவு மூன்று அங்குலம் திறந்திருக்க வேண்டும் என்று ஊர்ப் போலீஸ் தலைவர் ஹாப்பர் போடும் சட்டம். எந்தத் தேதியைச் சொல்லியிருந்தாலும் சாட்சி தயாராக நின்றிருக்கும்.

தொடர்பில்லாதவற்றுக்கு இடையே அர்த்தமுள்ள தொடர்பைக் காணும் இந்த இயல்புக்கு அபோஃபீனியா என்று பெயர். ஜெர்மன் மனநல மருத்துவர் கிளாஸ் கான்ராட் 1958-இல் நோயாளிகளைப் பற்றி எழுதும்போது உருவாக்கிய சொல் இது. இப்போது எல்லோருக்கும் இருக்கும் சாதாரண இயல்பைச் சொல்லவும் பயன்படுகிறது. கூட்டத்தில் தெரிந்த முகத்தைப் பிடித்துவிடும் அதே மூளைதான் இதையும் செய்கிறது. ஆகவே தியரி சொல்பவரைப் பார்த்து நாம் ரொம்பச் சிரிக்க வேண்டாம்.

ஆனால் ஒரு பொருத்தம் கிடைத்ததும் நம்பிக்கை ஏன் இவ்வளவு இறுகிப்போகிறது? 1960-இல் இங்கிலாந்தில் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் ஒரு சோதனை நடத்தினார். 2, 4, 6 என்ற மூன்று எண்கள் என் மனதில் இருக்கும் விதிக்குப் பொருந்துகின்றன. நீங்களும் மூன்று மூன்று எண்களாகச் சொல்லிப் பார்த்து விதியைக் கண்டுபிடியுங்கள் என்றார். பலர் 8, 10, 12 என்றார்கள். பொருந்தும் என்றார். 20, 22, 24? பொருந்தும். இரண்டிரண்டாகக் கூடும் எண்கள் என்று அடித்துச் சொன்னார்கள். தவறு. விதி வெறும் ஏறுவரிசைதான். 1, 17, 90 என்றாலும் பொருந்தியிருக்கும். தங்கள் ஊகத்தை உடைக்கக்கூடிய எண்களைப் பலர் சொல்லிப் பார்க்கவே இல்லை. ஏற்கெனவே நம்புவதற்குச் சாதகமானதை மட்டும் தேடும் இந்தப் பழக்கத்துக்கு உறுதிப்படுத்தும் சார்பு என்று பெயர். கோத்த கைகளைத் தேடியவர்களில் எத்தனை பேர், ஹென்றிக்குச் சம்பந்தமே இல்லாத பழைய காட்சிகளில் யாரெல்லாம் கை கோத்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்திருப்பார்கள்?

ஆக, இடம் ஏராளம், விதி கிடையாது, சாதகமானதை மட்டும் எண்ணுகிறோம். இந்த மூன்றும் சேர்ந்தால் எந்தத் தியரிக்கும் சாட்சி கிடைத்துவிடும்.

## விபத்தும் சில சமயம் தடயமாகும்

எழுதியவர் வைத்தால் தடயம், இல்லாவிட்டால் தற்செயல் என்று கோடு போட்டாகிவிட்டது. இப்போது அந்தக் கோட்டைக் கொஞ்சம் அழிக்க வேண்டியிருக்கிறது.

1990-இல் தொடங்கிய 'ட்வின் பீக்ஸ்' தொடரின் முதல் எபிசோட் படப்பிடிப்பில், அறை அலங்காரக் குழுவைச் சேர்ந்த ஃபிராங்க் சில்வா என்பவரின் உருவம் ஒரு ஷாட்டில் கண்ணாடியில் தெரிந்துவிட்டது. வேறு யாராக இருந்தாலும் ஷாட்டைத் திரும்ப எடுத்திருப்பார்கள். இயக்குநர் டேவிட் லிஞ்ச் அப்படியே வைத்துக்கொண்டார். சில்வா அந்தத் தொடரின் பயங்கரமான தீய ஆவி 'பாப்' ஆனார். பிழையாக நுழைந்தது பின்னாளில் முன்குறிப்பாகிவிட்டது. தொடர்கள் வருடக்கணக்கில் எழுதப்படுவதால் இது நடக்கிறது. எழுத்தாளர்களும் பழைய எபிசோட்களைத் திரும்பப் பார்த்து, அப்போது யோசிக்காத ஒன்றைப் பிடித்து இப்போது கதையாக்கலாம். நான்காம் சீசனில்தான் வெக்னா என்ற பெயரே வருகிறது. அதற்கு முன் நடந்த கெடுதலுக்கெல்லாம் பின்னால் அவன் இருந்தான் என்று கதை திரும்பிப் போய்ச் சொல்கிறது. இப்படிப் பழைய நிகழ்வுகளுக்குப் பின்னால் புதுக் காரணம் செருகுவதை பின்னிணைப்பு என்று சொல்லலாம். ரசிகர்கள் ரெட்கான் என்பார்கள்.

நேர் எதிரான கதையும் உண்டு. 'லாஸ்ட்' தொடரின் கடைசி எபிசோட் 2010 மே 23 அன்று ஒளிபரப்பானபோது, பெயர்கள் ஓடும் நேரத்தில் ஆளில்லாத கடற்கரையில் விமானச் சிதைவுகள் கிடக்கும் காட்சியைக் காட்டினார்கள். அப்படியென்றால் முதல் நாளே எல்லோரும் செத்துவிட்டார்கள் என்று பலர் முடிவு கட்டினார்கள். அந்தக் காட்சி கதையின் பகுதியே இல்லை என்று அதை ஒளிபரப்பிய ஏபிசி தொலைக்காட்சி பிறகு விளக்கியது. செய்திக்குப் போகும் முன் பார்வையாளர் கொஞ்சம் மூச்சு விடட்டும் என்பதற்காகப் போட்டது. கதைக்குள்ளேயே, தீவில் நடந்தது எல்லாம் நிஜம் என்று ஒரு பாத்திரம் வாய்விட்டுச் சொல்கிறது. இருந்தும் இன்றுவரை அந்தத் தப்பு அபிப்பிராயம் போகவில்லை.

## தியரியை எப்படிச் சோதிப்பது

2019 ஜூலை 4 அன்று வந்த மூன்றாம் சீசன் முடிவில் ஹாப்பர் வெடிப்பில் இறந்ததாகக் காட்டினார்கள். பெயர்கள் ஓடிய பிறகு ஒரு ருஷ்யச் சிறைக் காட்சி. ஒரு கைதியை இழுத்துப் போகச் சொல்லும்போது காவலர், அந்த அமெரிக்கன் வேண்டாம் என்கிறார். ஹாப்பர் உயிரோடு ருஷ்யாவில் இருக்கிறார் என்று ரசிகர்கள் உடனே சொன்னார்கள். 2020 பிப்ரவரி 14 அன்று வந்த டீசரில் மொட்டைத் தலையோடு ஹாப்பர் நின்றார்.

இந்தத் தியரியையும் கன்ஃபார்மிட்டி கேட்டையும் ஒப்பிட்டால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். ஹாப்பர் தியரி ஒரே ஒரு தடயத்தில் நின்றது. கதைக்கு அந்தக் காட்சியால் வேறு எந்த உபயோகமும் இல்லை. ரசிகரை யோசிக்க வைப்பதற்கென்றே கடைசியில் வைத்தது. உடலும் காட்டப்படவில்லை. கன்ஃபார்மிட்டி கேட்டிலோ பல தடயங்கள், ஒவ்வொன்றுக்கும் சாதாரண விளக்கம் ஒன்று உண்டு. பட்டமளிப்பு விழாவில் கை கோத்து உட்கார்வது என்ன அதிசயம்? பல பலவீனமான சாட்சிகளைக் கூட்டினால் பலமான சாட்சி கிடைத்துவிடாது. எல்லாமே ஒரே தேடலில் பொறுக்கியவையாக இருந்தால் நிச்சயமாகக் கிடைக்காது.

ஒரு விஷயத்தில் மட்டும் கன்ஃபார்மிட்டி கேட்டுக்கு நான் முழு மதிப்பெண் கொடுப்பேன். அது தேதி சொன்னது. பொய்ப்பிக்க முடிவது என்று இதைச் சொல்வார்கள்: எது நடந்தால் கூற்று தவறு என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது. ஜனவரி 7 தாண்டியதும் தியரி தோற்றது, எல்லோருக்கும் தெரிந்தது. பிறகு தேதியைத் தள்ளிப் போட்டார்களே, அங்கேதான் அது கெட்டுப்போனது. 'எபிசோட் வராததும் மாயத்தோற்றத்தின் ஒரு பகுதி' என்ற நிலைக்கு ஒரு தியரி போய்விட்டால் அதை எதனாலும் அசைக்க முடியாது. அதனாலேயே அதற்கு மதிப்பும் இல்லை.

எலெவனின் கதி வேறு ரகம். கடைசி எபிசோடில் அவள் இறந்துவிட்டாளா, இல்லாததைக் கண்ணுக்குக் காட்டும் காளியின் மாயத்தால் எல்லோர் கண்ணையும் கட்டிவிட்டுத் தப்பித்தாளா? மைக் சொல்லும் கதையை நம்பலாம், நம்பாமலும் இருக்கலாம் என்று தொடரே கதவைத் திறந்து வைத்துவிட்டது. இது ஒளித்து வைத்த விடை கிடையாது, திறந்த முடிவு. ஃப்ரேமை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாலும் அங்கே கண்டுபிடிக்க ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. நம்புவதும் நம்பாததும் பார்ப்பவர் பாடு.

இந்தக் கதையுலகில் 'டேல்ஸ் ஃப்ரம் 85' என்ற அனிமேஷன் தொடரையும் அறிவித்தார்கள். இரண்டாம் சீசனுக்கும் மூன்றாம் சீசனுக்கும் நடுவே, 1985 குளிர்காலத்தில் நடக்கும் கதை. அதற்குள்ளும் ஐந்தாம் சீசன் முடிவுக்கான தடயங்களைத் தேடுவார்கள், கிடைக்கவும் கிடைக்கும். அங்கே ஒரு வசதி இருக்கிறது. கதைக்குள் அது முன்னால் நடந்தாலும், உருவானது மூன்றாம் சீசனுக்குப் பல வருடங்கள் கழித்து. ஆகவே அதற்குள் ஒரு பொருத்தத்தைப் பார்த்தால், 1985-இல் நடப்பது என்பதை வைத்துக் கணக்குப் போடக் கூடாது. மூன்றாம் சீசனில் என்ன நடந்தது என்று நன்றாகத் தெரிந்தவர்கள் எழுதியது என்று எடுத்துக்கொண்டு பார்க்க வேண்டும்.